சீன மருத்துவம் இதயத்தைப் பார்க்கும் விதம்

புதுச்சேரிக்குச் சீன மருத்துவம் நேற்று வந்த புதுமை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு இந்தோசீனாவில் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் வணிகர்களாகவும் பணியாற்ற, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் சைகோனுக்குக் கப்பலேறின. சைகோனை ஒட்டியிருந்த சோலோன், சீனர்களின் நகரம். வேர்களும் பட்டைகளும் சிறு மர இழுப்பறைகளில் நிறைந்த மருந்துக் கடைகள் அங்கே ஏராளம். சீன வழி மருந்தை 'வடக்கு மருந்து' என்றும், உள்நாட்டு மூலிகையைத் 'தெற்கு மருந்து' என்றும் வியட்நாமியர் பிரித்து வழங்குவர். சைகோனிலிருந்து திரும்பிய எங்கள் தெருப் பெரியவர்களின் பேச்சில் இவ்விரு சொற்களும் இயல்பாக வந்து விழுவதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன்.

இன்று அதே மருத்துவம் வேறு வழியாக நம் ஊருக்குள் நுழைந்திருக்கிறது. அக்குபங்சர் என்னும் பெயர்ப்பலகை இல்லாத கடைத்தெருவே இல்லை எனலாம். ஊசியே இல்லாமல், நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடும் சிகிச்சையும் அப்பெயரிலேயே நடைபெறுகிறது. முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் அங்கே சென்று நிம்மதி அடைந்தவர்களை நான் அறிவேன். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. கவலை தருவது வேறொன்று. இதய நோயாளிகளிடம், "உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், மாத்திரைகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்" என்று சிலர் அறிவுரை கூறுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஸ்டென்ட் பொருத்திக்கொண்ட நான்காம் மாதத்தில் அத்தகைய அறிவுரையை நம்பி மாத்திரைகளை நிறுத்தினார். சில வாரங்களில் மீண்டும் மாரடைப்பு. மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. "ஐயாயிரம் ஆண்டுச் சீன மருத்துவம் பொய் சொல்லுமா?" என்று அவர் என்னிடம் கேட்டிருந்தார். அக்கேள்விக்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை. சீன மருத்துவம் அவருக்குச் சொல்லப்பட்டதை ஒருபோதும் சொல்லவில்லை என்பதே நான் கண்ட விடை.

சீன மருத்துவத்தின் மூலநூலாகப் போற்றப்படுவது, மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் 'ஹுவாங்தி நெய்ஜிங்'. இன்றைக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. உடலை ஒரு நாடாகவும் உறுப்புகளை அதன் அதிகாரிகளாகவும் கொள்ளும் அந்நூல், இதயத்தை அரசனாக வைக்கிறது. நுரையீரல் அமைச்சர், கல்லீரல் படைத்தலைவர். அரசன் தெளிவாக இருந்தால் நாடு நலமாக இருக்கும்.

அந்த அரசனுக்கு இரு பணிகள். ஒன்று, குருதியையும் குருதிக் குழாய்களையும் ஆள்வது. மற்றொன்று, உள்ளத்துக்கு இருப்பிடமாக விளங்குவது. சீன மொழியில் 'ஷின்' என்னும் ஒரே சொல் இதயத்தையும் மனத்தையும் குறிக்கும். தமிழருக்கு இது வியப்பளிக்காது. 'நெஞ்சு வலிக்கிறது' என்பதும் 'நெஞ்சாரச் சொல்கிறேன்' என்பதும் நம்மிடம் ஒரே சொல்லின் இரு முகங்கள்தாமே! ஆகவே, உறக்கமின்மை, காரணமற்ற அச்சம், மறதி, படபடப்பு ஆகியவற்றையும் சீன வைத்தியர் இதயத்தின் கணக்கிலேயே எழுதுகிறார். நோயாளியின் நாக்கை அவர் கூர்ந்து பார்ப்பதும் இதனால்தான். இதயத்தின் வாசல் நாக்கு என்பது அவர்கள் கோட்பாடு. நாக்கு ஊதா நிறம் காட்டினால், நாக்கின் அடி நரம்புகள் புடைத்துக் கறுத்திருந்தால், குருதி தேங்கியிருக்கிறது எனக் கொள்வர்.

நாடி பார்ப்பதில் நம் சித்த மருத்துவத்துக்கும் சீன மருத்துவத்துக்கும் உள்ள ஒற்றுமையும் வேற்றுமையும் சுவையானவை. இரண்டிலும் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைக்கின்றனர். சித்தருக்கு ஆள்காட்டி விரலடியில் வளி, நடுவிரலில் அழல், மோதிர விரலில் ஐயம். சீனருக்கோ ஒவ்வொரு விரலடியிலும் ஓர் உறுப்பு. இடக்கை ஆள்காட்டி விரலடியில் பேசுவது இதயம். நம்மவர் மூன்று உயிர்த்தாதுக்களின் சமநிலையைத் தேடுகின்றனர். அவர்கள் 'சி' எனப்படும் உயிராற்றலின் ஓட்டத்தையும், யின், யாங் என்னும் குளிர்ச்சி வெம்மைகளின் நிலையையும் தேடுகின்றனர்.

அந்த உயிராற்றல் ஓடும் தடங்களையே அக்குபங்சர் வரைபடங்களில் காண்கிறோம். இதயத் தடம் அக்குளில் வெளிப்பட்டு, கையின் உட்புறமாக இறங்கிச் சுண்டுவிரல் நுனியில் முடிகிறது. மாரடைப்பு வலி இடக்கையின் உட்புறமாகச் சுண்டுவிரல் வரை பரவக்கூடும் என்பதை இன்றைய மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் படிக்கின்றனர். நரம்பியல் அறியாத காலத்து மனிதர்கள், நோயாளி காட்டிய வழியைக் கவனமாகப் பின்பற்றியே இத்தடத்தை வரைந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நெஞ்சு வலியைத் தனி நோயாக எடுத்து விரிவாகப் பேசியவர், ஈராயிரம் ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜொங்ஜிங். அதை அவர் 'மார்பு அடைப்பு' என்னும் பொருள்பட 'ஷியோங் பி' என்றார். மார்பில் வலி, அது முதுகுக்குப் பரவுதல், மூச்சுத் திணறல் ஆகியவை அதன் குறிகள். வெயில் புகவேண்டிய மார்பில் வெம்மை குன்றி, கீழிருந்து குளிரும் சளியும் ஏறி அடைத்துக்கொள்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். புடலையின் இனத்தைச் சேர்ந்த ஒரு காயையும், பூண்டின் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு கிழங்கையும் மதுவில் காய்ச்சித் தருவது அவர் காட்டிய மருந்து. சீன வைத்தியர்கள் இன்றும் அதை எழுதித் தருகின்றனர்.

அவரும் அவர் வழிவந்தோரும் நோயை இரு தட்டுகளில் வைத்து நிறுத்தனர். அடியில் இருப்பது பலக்குறைவு. மேலே தெரிவது அடைப்பு. முதுமையாலும் உழைப்பாலும் கவலையாலும் உயிராற்றல் குன்றுகிறது. தள்ளும் வலுவின்றிக் குருதி தேங்குகிறது; சளி சேர்கிறது; குளிர் இறுக்குகிறது. ஆகவே ஒரே பெயருள்ள நோய்க்கு ஆளுக்கொரு மருந்து. குருதி தேங்கியவருக்கு அதை ஓட்டும் மூலிகைகள். குளிர் மிகுந்தவருக்குச் சுக்கும் இலவங்க இனத்துக் குச்சிகளும். பலமிழந்தவருக்கு ஜின்செங் வேர். நாடி இடைவிட்டுத் துடிப்பவருக்கு அதிமதுரத்தைத் தலைமையாகக் கொண்ட கசாயம். நோயை மட்டுமன்றி நோயாளியையும் பார்க்கும் இம்முறையின் ஈர்ப்பை மறுக்க முடியாது. பத்து நிமிடங்களுக்கு மேல் பேச நேரமில்லாத இன்றைய புறநோயாளிப் பிரிவுகளிலிருந்து மக்கள் ஏன் அங்கே செல்கிறார்கள் என்பதும் புரிகிறது.

ஆனால், அதே மூலநூல் மற்றொரு நெஞ்சு வலியையும் தனியே பிரித்துக் காட்டுகிறது. 'உண்மையான இதய வலி' என்பது அதன் பெயர். கைகால்கள் மூட்டு வரை குளிர்ந்து நீலம் பூக்கும். காலையில் வந்தால் மாலைக்குள்ளும், மாலையில் வந்தால் மறுநாள் காலைக்குள்ளும் உயிர் போய்விடும் என்று அந்நூல் கூறுகிறது. இன்று நாம் பெரும் மாரடைப்பு என்று சொல்வதை இதைவிடச் சுருக்கமாக வரைய முடியாது. தடங்களையும் புள்ளிகளையும் வகுத்த அதே முன்னோர், இவ்வலியின் முன் தம் கலையின் எல்லை எது என்பதை ஒளிக்காமல் எழுதி வைத்தனர். ஒரு புள்ளியைத் தொட்டால் எல்லாம் தீரும் என்போர் படிக்க வேண்டிய பகுதி இது.

சீன மருத்துவம் பழைய நூல்களோடு நின்றுவிடவும் இல்லை. 1797-இல் பெருநோயில் மடிந்த குழந்தைகளின் சடலங்கள் புதைமேட்டில் சிதறிக் கிடந்தபோது, வாங் சிங்ரென் என்னும் வைத்தியர் நாள்தோறும் அங்கே சென்று உடலின் உள்ளுறுப்புகளைப் பார்த்தார். முன்னோர் வரைந்த படங்கள் பிழையானவை என்று கண்டு, 1830-இல் வெளியிட்ட நூலில் அவற்றைத் திருத்த முயன்றார். அவர் திருத்தங்களிலும் பிழைகள் உண்டு. எனினும், நூலைவிடக் கண்ணை நம்பலாம் என்று துணிந்தவர் அவர். மார்பில் தேங்கிய குருதியை ஓட்ட அவர் அமைத்த கசாயம், இன்றும் சீன இதய மருத்துவத்தின் முதன்மை மருந்துகளுள் ஒன்று.

1970-களில் பெய்ஜிங்கில் குவோ ஷிகுய், சென் கேஜி போன்றோர் அவ்வழியை மேலும் கொண்டுசென்றனர். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த 'தன்ஷென்' என்னும் செந்நிற வேர், குசும்பப்பூ உள்ளிட்ட ஐந்து சரக்குகளைக் கொண்டு இதயத் தமனி நோய்க்கு ஒரு கலவையை உருவாக்கி, நவீன மருத்துவமனைகளில் வைத்துச் சோதித்தனர். இன்று சீனாவில் மாரடைப்போடு வருபவருக்கு முதலில் நடப்பது, நம் ஜிப்மரில் நடப்பதுதான். இதய மின்வரைபடம் எடுக்கிறார்கள். உறைவைக் கரைக்கிறார்கள், அல்லது ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் பொருத்துகிறார்கள். பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே அமைந்த பெரிய மருத்துவமனைகளிலும் ஆஞ்சியோபிளாஸ்டிக் கூடங்கள் உண்டு. மூலிகை அதன் மேல் சேர்கிறது. அதன் இடத்தைப் பிடிப்பதில்லை.

அண்மைய ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. தோங்ஷின்லுவோ என்னும் மருந்தில் ஜின்செங் வேரோடு தேள், அட்டை, பூரான் ஆகியவையும் சேர்கின்றன. 2023-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியான ஆய்வில், சீனாவின் 124 மருத்துவமனைகளைச் சேர்ந்த 3,777 மாரடைப்பு நோயாளிகள் பங்கேற்றனர். அனைவருக்கும் வழக்கமான நவீன சிகிச்சை தரப்பட்டது. அதற்கு மேல் பாதிப் பேருக்கு இம்மருந்தும், மறுபாதிப் பேருக்கு அதைப் போலத் தோன்றும் மருந்தில்லா உறையும் தரப்பட்டன. முப்பது நாள்களில் இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருந்தீங்குகள் முதல் பிரிவில் 3.4 விழுக்காட்டினருக்கும், இரண்டாம் பிரிவில் 5.2 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன.

இதயச் செயலிழப்பு உள்ள 3,110 பேரிடம் சிலிசியாங்ஷின் என்னும் மருந்தைச் சோதித்த மற்றோர் ஆய்வு 2024-இல் வெளியானது. அதற்காக மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையோ இதய நோயால் இறப்போ நேர்ந்தவர்கள், மருந்து பெற்றோரில் 25 விழுக்காடு; பெறாதோரில் 30 விழுக்காடு. அக்குபங்சருக்கும் நல்ல ஆய்வு உண்டு. நாள்பட்ட நெஞ்சு வலி உள்ள 404 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கட்டுக்கு அருகில் இதயத்துக்குரிய தடங்களின் புள்ளிகளில் ஊசி பெற்றவர்களுக்கு வலி வரும் தடவைகள் குறைந்தன. இவ்வாய்வுகள் சீனாவிலேயே நடந்தவை. பிற நாடுகளிலும் நடத்திப் பார்த்த பின்னரே முடிவான சொல் சொல்ல இயலும். ஆனால், நமக்கு வேண்டிய பாடம் இப்போதே கிடைத்துவிட்டது. மூன்று ஆய்வுகளிலும் ஒருவரிடமாவது வழக்கமான மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

இந்தியாவுக்கு அக்குபங்சரைக் கொண்டுவந்தவரும் ஒரு நவீன மருத்துவரே. 1938-இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகநாத் கோட்னிசுடன் இருந்தவர் பிஜய் குமார் பாசு. அவர் 1950-களின் இறுதியில் மீண்டும் அங்கே சென்று இக்கலையைக் கற்றுத் திரும்பி, கல்கத்தாவில் சிகிச்சை தொடங்கினார். தம் அலோபதிக் கல்வியைத் துறந்துவிட்டு அவர் ஊசியை எடுக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்தே பணிபுரிந்தார்.

மாத்திரையை நிறுத்துவது ஏன் உயிரைக் குடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் என்பது ஓர் உலோக வலைக்குழாய். உடலுக்கு அது அயல்பொருள். அதன்மேல் தமனியின் உட்படலம் வளர்ந்து மூடும்வரை, அதைக் காணும் குருதித் தட்டணுக்கள் அங்கே திரண்டு உறைய முயலும். ஆஸ்பிரினும் குளோபிடோகிரல் போன்ற இரண்டாம் மருந்தும் அதைத் தடுக்கின்றன. பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இரண்டும் தேவை. அதன்பின் ஒன்று தொடரும். இடையில் நிறுத்தினால், திறந்துவைத்த குழாய் சில நிமிடங்களில் முற்றாக மூடிக்கொள்ளலாம். அந்த ஆசிரியருக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்க வேண்டும்.

மூலிகைதானே, தீங்கு செய்யாது என்னும் எண்ணமும் தவறு. தன்ஷென் வேர், குருதி உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் மருந்தின் வேகத்தைக் கூட்டிக் குருதிக் கசிவை உண்டாக்கும். அதிமதுரத்தை நாள்பட உண்டால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். நாம் நாபி என்று அழைக்கும் கிழங்கின் இனத்தைச் சீனரும் இதய மருந்துகளில் சேர்க்கின்றனர். முறையாகச் சுத்தி செய்யாவிட்டால் அதுவே இதயத் துடிப்பைக் குலைத்துக் கொல்லும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கத் தந்த சீன மூலிகைக் கலவையில் ஆடுதின்னாப்பாளையின் இனத்துச் செடி கலந்துவிட்டதால், ஏறத்தாழ நூறு பெண்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. வலிமையுள்ள மருந்துக்குத் தீங்கு செய்யும் வலிமையும் உண்டு என்பதைச் சித்தர்கள் நன்கு அறிந்திருந்தனர். சுத்தி முறைகளுக்கு அவர்கள் அத்தனை இடம் ஒதுக்கியது வேறெதற்காக?

சீனாவிடமிருந்து நாம் கற்க வேண்டியது எது? ஊசியோ புள்ளியோ அன்று. தம் மரபைச் சோதனைக்கு உட்படுத்தும் துணிவே. இதயத்துக்கு நல்லது என்று நம் வைத்தியர்கள் வழிவழியாகத் தந்துவரும் மருதம்பட்டையை, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் முறையாகச் சோதித்த பேராய்வு நம்மிடம் உண்டா? 1823-இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் இந்நகரில் இருக்கிறது. மைய அரசின் சித்த மருத்துவ மண்டல ஆராய்ச்சி நிறுவனமும் இதே நகரில் இருக்கிறது. இரண்டும் ஒரு மேசையில் அமர்ந்து, நவீன சிகிச்சையை நிறுத்தாமல் அதன் மேல் சித்த மருந்தைச் சேர்த்து ஆராய்ந்தால், தமிழ் மருத்துவத்துக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. மரபைப் புகழ்ந்து பேசும் மேடைகளைவிட அப்படியோர் ஆய்வு அதிக நாள் நிற்கும்.

அரசுக்கும் கடமை உண்டு. அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக மைய அரசு 2019-இல் ஏற்றுக்கொண்டது. ஏற்பு வந்த பின் ஒழுங்குமுறையும் வர வேண்டும். யார் ஊசி எடுக்கலாம், எத்தகைய பயிற்சி தேவை, பிற மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொன்னால் என்ன நடவடிக்கை என்பவற்றைப் புதுச்சேரி அரசு வரையறுத்துச் சட்டமாக்க வேண்டும். மகாராஷ்டிரம் இதற்கென 2015-இல் சட்டமே இயற்றியிருக்கிறது.

அண்டையில் தமிழ்நாடு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் அடங்கிய 14 மாத்திரைகளை உடனே தந்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அடைபட்ட தமனிக்குப் பின்னால் இதயத் தசை நிமிடந்தோறும் மடிந்துகொண்டிருக்கிறது என்பதே அந்த அவசரத்தின் பொருள். அப்போது தேட வேண்டியது 108 ஆம்புலன்ஸையே, புள்ளியை அன்று.

மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் நாள்பட்ட வலிக்கும் தேர்ந்தவரிடம் அக்குபங்சர் செய்துகொள்ள விரும்புவோர் தாராளமாகச் செய்துகொள்ளலாம். உண்ணும் மாத்திரைகளின் பட்டியலை அவரிடமும், அவர் தரும் மூலிகையின் பெயரை இதய மருத்துவரிடமும் காட்டுங்கள். பட்டியலைப் பார்த்ததும், "இவற்றையெல்லாம் தூக்கிப் போடுங்கள்" என்று ஒருவர் சொல்வாராயின், அவர் பேசுவது சீன மருத்துவம் அன்று என்பதை அறிந்து எழுந்து வந்துவிடுங்கள்.